பால் கவர் கட்டிய கை

எங்கள் வார்டில் காலிப் பால் கவரை யாரும் குப்பையில் போடக் கூடாது. போட்டால் நான் கத்துவேன். டீ போட்டு முடித்த கவரைக் கழுவி, ஜன்னல் கம்பியில் காயவைத்து, ரப்பர் பேண்டுகளோடு மருந்து டிராலியின் கீழ்த்தட்டில் வைத்திருப்பேன். மருந்து ஏற்றுவதற்காகப் புறங்கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி போட்டு விட்டிருக்கும் பெண்கள், வெளியே போகும்போது அந்தக் கையைக் கவருக்குள் விட்டு மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொள்வார்கள். ஊசி நனையாது, எதிலும் மாட்டிப் பிடுங்கிக்கொள்ளாது.

வெளியே என்றால் தெருவுக்கு. தண்ணீர் லாரிக்கு.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற பெண்களைத் தண்ணீர் பிடிக்க அனுப்புவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நாங்கள் அனுப்புவதில்லை, அவர்களே போவார்கள். திருவொற்றியூரில் எங்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் குழாயில் வருவதை வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான். காலை பத்து மணிவாக்கில் லாரி வரும். வீட்டுக்கு ஒரு ஆள் குடத்தோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்றைக்கு அந்த வீட்டுக்கு இல்லை. அந்த நேரத்தில் ஆண்கள் துறைமுகத்தில் இருப்பார்கள், கம்பெனியில் இருப்பார்கள், சிலர் எங்கேயாவது விழுந்து கிடப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மிச்சம் இருப்பவள் ஒருத்திதான். அவளுக்குக் காய்ச்சல் என்றால் லாரி நின்றுவிடுமா?

டாக்டர் ஒன்பதரைக்குள் எல்லாரையும் பார்த்து முடித்துவிடுவார். அடுத்த மருந்து மதியம். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் தெம்பு உள்ளவர்கள் படி இறங்குவார்கள். பெரிய சிஸ்டர் போகச் சொல்லவும் மாட்டார், போகாதே என்று சொல்லவும் மாட்டார். மருந்து அலமாரியைத் திறந்து, முகத்தை அதற்குள் விட்டுக்கொண்டு மாத்திரை எண்ணுவார். கடைசிக் காலடிச் சத்தம் படியில் இறங்கிய பிறகுதான் முகம் வெளியே வரும்.

தெருவிலும் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பால் கவர் கட்டிய கை வந்தால் வரிசை வழி விடும். “ஆஸ்பத்திரிக் கை வருது, நவுருமே” என்பார்கள். அவள் குடம் முதலில் நிறையும். தூக்கிப்போய் வீட்டில் வைப்பது பக்கத்து வீட்டுக்காரியின் வேலை. ஒருத்தி உடம்பில் ஒன்றும் இல்லாமலே கவர் கட்டிக்கொண்டு மூன்று நாள் முன்னால் போய்ப் பிடித்தாள். நாலாம் நாள் இன்னொருத்தி அந்தக் கவரை உருவினாள். உள்ளே சிவக்கச் சிவக்க மருதாணி.

உருவியவள் பதினொண்ணு.

நான் அந்தப் பெண்கள் வார்டில் ஆயா. பெருக்குவேன், துடைப்பேன், பெட்பான் வைப்பேன், நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவேன், திட்டுவேன். வார்டில் நாங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கட்டில்களுக்கு மேலே சுவரில் நீலப் பெயிண்டில் ஒன்று முதல் பதினெட்டு வரை நம்பர் எழுதியிருக்கும். “ஆறு, எழுந்திரு, ஊசி.” “பதினாலு, உனக்குக் கஞ்சி வந்திருக்கு.” வீட்டுக்குப் போனதும் நம்பர் கழன்றுவிடும். அவளுக்கு மட்டும் கழலவில்லை.

அவள் திருவொற்றியூர் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள். பிறந்தது எண்ணூரில் ஒரு குப்பத்தில். காயப்போட்ட மீன் மேல் அனல் மின் நிலையத்துச் சாம்பல் படியும், அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுத்தான் கருவாடு ஆக்குவார்கள். மீன் மேல் படிந்ததைத் தட்டிவிட்டார்கள், நெஞ்சுக்குள் போனதை யார் தட்டுவது? வருஷத்துக்கு மூன்று நான்கு முறை மூச்சு இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். பதினோராம் கட்டில் கடல் பக்கத்து ஜன்னலை ஒட்டி இருக்கிறது. காற்று வரும். அவள் வந்தால் அங்கே இருப்பவளை நான் வேறு கட்டிலுக்குத் தள்ளிவிடுவேன். இது தப்புதான். செய்தேன். கடைசியில் மார்க்கெட்டிலேயே அவளுக்குப் பதினொண்ணு என்று பெயர் விழுந்துவிட்டது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

என்னைவிட இரண்டு வயது சின்னவள். வாய் என்னைவிட இருபது வயது பெரியது. என் வீட்டுக்கு அடுத்த தெருவில் அவள் வீடு. டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு முறையும் பெரிய சிஸ்டருக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவருவாள். சிஸ்டர் தெற்கத்திக்காரர். “இதெல்லாம் எதுக்குளா கொண்டாந்த, ஆஸ்பத்திரியில நாத்தம் அடிக்கும்லா” என்று சொல்லிக்கொண்டே கையோடு பையில் வைத்துவிடுவார்.

எனக்கும் தண்ணீர் கஷ்டம்தான். லாரி வரும் நேரத்தில் நான் வார்டில் இருப்பேன். என் குடத்தை யாராவது மனசு வைத்து நிரப்பினால் உண்டு. பாதி நாள் மனசு வைக்கமாட்டார்கள், ஏனென்றால் தெருவில் பாதிப் பேரோடு எனக்குச் சண்டை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பத்து மணிக் கணக்கு வந்தது.

அதற்கு முன்னால் இரவு டூட்டி சிஸ்டர் பன்னிரண்டு மணிக்குத் தலைகளை எண்ணி எழுதுவார். அந்த நேரத்தில் எல்லாரும் படுத்துக்கிடப்பார்கள். பெரும்பாலும் பதினெட்டும் நிறைந்திருக்கும், மழைக்காலத்தில் தரையில் பாயும் விரித்திருப்போம். திடீரென்று ஒரு செயலி கொடுத்தார்கள். இனிமேல் காலை பத்து மணிக்கு எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறது என்று எண்ணிப் பத்தரைக்குள் போனில் ஏற்ற வேண்டும். எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அதை வைத்து மேலே உட்கார்ந்து பார்ப்பார்களாம். வார்டில் இருப்பது இரண்டே சிஸ்டர்கள். பெரிய சிஸ்டர் ஒரு நோட்டை என்னிடம் கொடுத்தார். “உன் எழுத்து நல்லா இருக்கும்லா. கட்டில்ல ஆள் இருந்தா ஒண்ணு. கூட்டி எழுதிக் குடு, நான் ஏத்திருதேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாவது படித்தவளுக்கு அத்தனை வருஷம் கழித்து ஒருவர் பேனா கொடுத்தார். தினமும் பத்து மணிக்குத் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கையைக் கழுவி, நோட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனேன். ஆள் இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் சைபர். சொன்னதைச் சொன்னபடி செய்தேன்.

ஒரு நாள் நான் எண்ண ஆரம்பிக்கும்போது பதினொண்ணு கையில் கவர் மாட்டிக்கொண்டு படியை நோக்கிப் போனாள்.

“இன்னாமே, தல எண்றியா? என்னையும் சேத்துக்க.”

“கட்டில்ல இருந்தா சேத்துக்கறேன். போ.”

“அடிங்க! பேனா குடுத்தா கலெக்டரு ஆயிடுவியா நீ?” சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். நான் அவளுக்கு சைபர் போட்டேன். அழகாக, வட்டமாகப் போட்டேன்.

மாதக்கணக்கில் அப்படியே எழுதினேன். என் நோட்டில் பத்தைத் தாண்டியதே இல்லை. சிஸ்டர் நம்பரைப் பார்ப்பார், போனில் ஏற்றுவார், டிரிப் முடிந்த கட்டிலுக்கு ஓடுவார். நின்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. எனக்கு நேரம் இருந்தது, புத்தி இல்லை.

ஐப்பசி மழையில் பேப்பர் வந்தது. எங்கள் வார்டில் எட்டுக் கட்டில்கள் பயன்பாட்டில் இல்லை என்று தெரிவதால் அவை மூடப்படும், தேவையுள்ள இடத்துக்கு மாற்றப்படும். பதினொன்று முதல் பதினெட்டு வரை. சிஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என் நோட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இரண்டு அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

எட்டுக் கட்டில் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இடம் இல்லை, டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதிக் கொடுப்பார்கள். அங்கே படுத்தால் பத்து மணிக்கு லாரிக்கு வர முடியாது. அதனால் போகமாட்டார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே கிடப்பார்கள். பதினொண்ணு ஒரு தடவை அப்படிக் கிடந்து, உதடு நீலமாகி, மீன் வண்டியில் வந்தாள். அன்று கீழ்ப்படியிலிருந்து அவளை நான்தான் தூக்கினேன். எலும்பும் கருவாட்டு வாசனையும்தான் இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

பேப்பர் வந்த அன்று அவள் மூச்சுக்காக உள்ளேதான் இருந்தாள். நானே போய்ச் சொன்னேன். என் நோட்டால்தான் இப்படி ஆனது என்றும் சொன்னேன். நெபுலைசர் மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“ஏம்மே, உனுக்கு மண்டையில இன்னா கீது? ஊட்ல பதினெட்டு பேரு துன்றாங்க. எட்டு பேரு கை கழுவ போயிகிறாங்க. அந்த நேரத்துல வந்து எட்டிப் பாத்துட்டு, இந்த ஊட்ல பத்து பேருதான், எட்டு தட்ட எடுத்துகினு போன்னு சொல்லுவியா?”

“கட்டில்ல ஆள் இருந்தா எழுதுன்னு சொன்னாங்க, எழுதினேன்.”

“சொன்னா எழுதிடுவியா? நாளைக்கு நான் செத்துட்டன்னு எழுதச் சொன்னா எழுதிடுவ போல. என் நம்பர தூக்கிக் குடுத்துட்டியே, கயிதே!”

மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மாஸ்க்கை நானே அவள் மூக்கில் வைத்து அமுக்கினேன். மாஸ்க்குக்குள்ளும் திட்டினாள். புகையாக வந்தது.

இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்தார். சரியாகப் பத்து மணிக்கு. கெட்டவர் இல்லை, சாந்தமான மனுஷன். அதுதான் எனக்கு எரிச்சல். கத்துகிறவரோடு சண்டை போடலாம். கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் பார்த்தார். எட்டுக் கட்டில் காலி.

பதினோராம் கட்டிலில் அவரை நிறுத்தினேன். “பாருங்க சார். இது அவ கேஸ் ஷீட். இது அவ தலகாணி. இது பாதி தின்னு வெச்ச பன்னு. தண்ணிக்குப் போயிருக்கா. வந்துருவா.”

“இருக்கலாம்மா. ஆனா ஆள் இல்லாத கட்டில் காலிக் கட்டில்தான்.”

“அப்படியா? இப்ப நீங்க இங்க நிக்கிறீங்க. ஆபீஸ்ல உங்க நாற்காலி காலியாத்தான் இருக்கும். வேற தேவையுள்ள இடத்துக்கு மாத்திடலாமா?”

பெரிய சிஸ்டர் என் புடவை முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “ஏளா, வாய மூடு.”

அதிகாரி பதில் சொல்வதற்குள் படியில் பேச்சும் சிரிப்பும் கேட்டது. எட்டுப் பேர் வரிசையாக ஏறி வந்தார்கள். புடவைக் கொசுவம் முழங்கால் வரை நனைந்திருந்தது. ஐந்து பேர் கையில் பால் கவர். அவர் விழித்தார். “இது என்னம்மா கையில?”

“பாலு கவரு சார்,” என்றாள் பதினொண்ணு. “உங்க வூட்ல பாலு வாங்கறதில்ல?”

அந்த மனுஷன் சிரித்துவிட்டார். பிறகு டேப்லெட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டிலில் இருப்பவர், காலி. இரண்டே கட்டம். “தண்ணிக்குப் போனவங்கன்னு போட இதுல இடமே இல்லம்மா. நான் ஒண்ணு செய்றேன். திங்கள்ல இருந்து ஏழு நாள் நானே பத்து மணிக்கு வர்றேன். கட்டில்ல இருக்கிறவங்களை எழுதிக்கிறேன். அதை வெச்சு மேல பேசறேன்.”

அவர் போனதும் எல்லாரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஏழு நாள். ஏழு நாளும் பத்து மணிக்கு யாரும் அசையக் கூடாது. அப்படியானால் வீட்டில் ஏழு நாள் தண்ணீர்?

“தெருவுல சொல்லுங்களேன், புடிச்சு வைக்கமாட்டாவளா?” என்றார் சிஸ்டர்.

“கை வந்தா வழி வுடுவாளுங்க சிஸ்டர். கையே வரலன்னா எவ குடம் எதுன்னு இன்னா தெரியும்?” என்றாள் பதினொண்ணு. சொல்லிவிட்டு மடியில் கிடந்த தன் ஈரக் கவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஏம்மே, கவரு எத்தினி வெச்சிகினு கீற?”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பதினெட்டுக் கவரையும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். வார்டில் இருக்கிற ஒவ்வொருத்தி வீட்டுக் குடத்தின் கழுத்திலும் ஒரு கவரைக் கட்டினேன். லாரி நிற்கும் இடத்தில் இருந்த பெண்களிடம் சொன்னேன். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களிடமும் சொன்னேன்.

“கை வராது, குடந்தான் வரும். கவர் கட்டின குடத்தை முன்னால வைங்க.”

“ஆயாவுக்கு வாயி இவ்ளோ மெதுவா கூட வருமா?” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். கோபத்தை விழுங்கிக்கொண்டு நின்றேன். நின்றுதான் ஆகவேண்டும். என் நோட்டு செய்த வேலை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எங்கள் வார்டைப் பார்க்க வேண்டும். பதினெட்டுப் பேரும் போட்டோவுக்குப் படுத்தது மாதிரி கழுத்து வரை போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். கீழே லாரி ஹாரன் அடித்தபோது பதினெட்டுத் தலையும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அதிகாரி எண்ணினார். பதினெட்டு. செவ்வாய், பதினெட்டு. புதன் அன்று ஒருத்தி தேறி வீட்டுக்குப் போனாள், அரை மணியில் காய்ச்சலோடு ஒருத்தி வந்து படுத்தாள். பதினெட்டு. சாயங்காலம் தெருவில் போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வீடு நிறைகுடம், கழுத்தில் கவர்.

வியாழன், வெள்ளியும் அப்படியே போனது. சனிக்கிழமை காலை டாக்டர் பதினொண்ணின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். “நெஞ்சு சுத்தமா இருக்கு. வீட்டுக்குப் போகலாம்.”

“போமாட்டேன்,” என்றாள். “இன்னும் ரெண்டு நாளு கீது. திங்கக்கெழம போறேன்.”

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் அலமாரியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டார். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அவள் படுத்திருப்பாள். அதிகாரியும் பதினெட்டு என்று எழுதிக்கொண்டு போவார்.

நான்தான் சொன்னேன். “டிஸ்சார்ஜ் எழுதிட்டாங்க இல்ல, கிளம்பு.”

“இன்னாமே சொல்ற? உனுக்காகத்தான் படுத்துகினு கீறேன்.”

“இல்லாத ஆளா உன்ன எழுதினது தப்பு. நோயில்லாத உன்ன நோயாளின்னு காட்றதும் தப்பு. நாளைக்கு அந்த ஆளுக்குத் தெரிஞ்சா, பதினெட்டும் இப்படித்தான் செட்டப்புன்னு சொல்லிடுவான். எழுந்திரு.”

அவள் பையை எடுத்தாள். பாயைச் சுருட்டினாள். வாசலில் நின்று திரும்பினாள். “உன் நாயத்த உப்பு போட்டு காய வையி. மார்க்கெட்டுல நான் வித்து தர்றேன்.”

அவள் போனதும் ஏதாவது ஒரு நோயாளி வருவாள் என்று நினைத்தேன். எப்போதும் வருவார்கள். அந்த இரண்டு நாளும் திருவொற்றியூரே ஆரோக்கியமாக இருந்து தொலைத்தது. ஒரு காய்ச்சல் இல்லை, ஒரு வாந்தி இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சனி, பதினேழு. ஞாயிறு லீவை விட்டுவிட்டு வந்தேன், அன்றும் பதினேழு. அதிகாரி பதினோராம் கட்டில் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வாசலில் என் இரண்டு குடமும் தளும்ப நிறைந்திருந்தன. கழுத்தில் பால் கவர். நான் என் குடத்துக்குக் கவர் கட்டவே இல்லை. கட்டியது யார் என்று கேட்கவேண்டியதும் இல்லை. குடம் லேசாகக் கருவாட்டு வாசனை அடித்தது. அந்தத் தண்ணீரில்தான் அன்றைக்குச் சோறு வடித்தேன்.

புதுப் பேப்பர் வந்தது. ஏழு கட்டில்கள் தப்பின. ஆனால் ஆர்டர் என்று ஒன்று போட்டுவிட்டால் எதையாவது குறைத்தால்தான் அவர்களுக்கு நிம்மதி போலிருக்கிறது. ஒரு கட்டில் குறைக்கப்படும். இரண்டு ஆட்கள் வந்து, காலியாக இருந்த பதினோராம் கட்டிலைத் தூக்கிப் போனார்கள். தரையில் நான்கு கால் தடமும், சுவரில் நீல நம்பரும் மிச்சம்.

மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்பாள். “என் கட்டிலு எங்கமே?” நான் கிலோ கணக்கில் திட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

போகி அன்று காலையில் டயரும் பாயும் எரித்த புகை தெருவெல்லாம் நின்றது. எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோவில் அவளைக் கொண்டுவந்தார்கள். பேச்சு இல்லை. என்னிடம் அவள் பேசாமல் இருந்த ஒரே நாள் அதுதான். பயந்துவிட்டேன். சக்கர நாற்காலியில் மாஸ்க் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால், கையைத் தூக்கிச் சுவரைக் காட்டுகிறாள். நீல நம்பரை. கீழே வெறும் தரை.

முந்தின நாள்தான் பதினெட்டாம் கட்டில்காரி வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தக் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் இல்லாத இரும்புக் கட்டில். வார்டே காதைப் பொத்திக்கொண்டது.

“ஏளா! என்னளா பண்ணுத?” என்று சிஸ்டர் ஓடிவந்தார்.

“பேப்பர்ல ஒரு கட்டில் இல்லன்னுதான் போட்டிருக்கு சிஸ்டர். எந்த நம்பர்னு போடல. பதினெட்டு இல்லன்னு இருக்கட்டும்.”

சிஸ்டர் கால்மாட்டுப் பக்கம் போய்க் குனிந்து தூக்கினார். அந்த நான்கு தடத்திலும் கால் சரியாக உட்காரும்படி இருவரும் வைத்தோம். ஜன்னலைத் திறந்தேன். புகையாக இருந்தது. மூடிவிட்டு விசிறி எடுத்து வந்தேன்.

மூன்றாம் நாள் பேச்சு வந்தது. முதலில் சொன்னது, “இது என் கட்டிலு இல்ல, குத்துது.” நாலாம் நாள் ஒன்பதரைக்கு எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுவிட்டேன். சிஸ்டர் அலமாரிக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

நான் நோட்டை எடுத்தேன். அதில் இப்போது சிவப்பு மையில் ஒரு கோடு கூடுதலாக இருக்கிறது. அந்த ஏழு நாள் முடிந்த பிறகு சிஸ்டர் ஸ்கேல் வைத்துப் போட்டது. கட்டிலில் இருப்போர், தண்ணீருக்குச் சென்றோர், காலி. போனில் முதல் இரண்டையும் கூட்டித்தான் ஏற்றுகிறார். “படுத்துக் கிடக்கவளும் நம்ம பேஷண்டு, தண்ணிக்குப் போனவளும் நம்ம பேஷண்டு. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.” இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல நானும் இருக்கிறேன்.

படியில் இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்னையும் சேத்துகினியா?”

“சேத்துக்கினேன். போ. பதினொன்றரைக்குள்ள வரலன்னா அடிச்சுடுவேன்.”

“அடிப்ப, அடிப்ப. உன் குடம் எங்க கீது, வெளிய வெச்சிகிறியா?”

வைத்திருக்கிறேன் என்றேன்.